விசைத்தறிக் கொட்டகையில் என் காது

ஆரணியில் நான் வேலை பார்க்கும் விசைத்தறிக் கொட்டகையில் எட்டுத் தறிகள். நாலு எனக்கு, நாலு சந்தவாசல்காரர் ஒருவருக்கு. சேர்ந்த புதிதில் எல்லாம் ஒரே இரைச்சல். தறி நின்ற பிறகுதான் ஓடுவேன். அதற்குள், குறுக்கு நூலோடு ஓடும் நாடா நடுவில் மாட்டி, நெடுக்கே விரிந்த பாவு நூல் கொத்தாக அறுந்திருக்கும். ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே, நிற்பதற்கு முன்னால் தறி எப்படிச் சத்தம் போட்டது என்று யோசிப்பேன்.

மூன்றாவது வருஷம் ஒரு மதியம், வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எச்சில் கையோடு ஓடி ஒரு தறியை நிறுத்தினேன். நாடாவை அடித்துத் தள்ளும் தோல் பட்டை பாதி கிழிந்திருந்தது.

"எப்படிண்ணா தெரிஞ்சுது?" என்றார் சந்தவாசல்காரர்.

"அடி மெத்துனு வுழுந்துது."

அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் முதலாளி தறி வாங்கப் போனால் என்னையும் கூட்டிப்போவார். ஓடவிட்டுக் கேட்டுச் சொல்வேன்.

பதினெட்டு வருஷத்தில் மனைவி கூப்பிடுவது காதில் விழாமல் போனது. கொட்டகையும் மறுபடி ஒரே இரைச்சலானது. சத்தத்தில் போன நரம்பு திரும்பாது என்று வேலூர் டாக்டர் சீட்டில் எழுதிக் காட்டினார். அவர் கொடுத்த காது மெஷின் வீட்டுப் பேச்சுக்குத்தான் உதவியது. கொட்டகையில் மாட்டினால் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

முதலாளியிடம் சொல்லவில்லை. தறிச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்தேன். கை எட்டாத தறிகளைச் சந்தவாசல்காரர் கவனித்துச் சைகை காட்டுவார். பிறகு அவருக்குச் செய்யாரில் கம்பெனி வேலை கிடைத்தது.

"மொதலாளிகிட்ட சொல்லிடுங்கண்ணா. தனியா எப்படிப் பாத்துகினு இருப்பீங்க?" என்று என் காதருகே கத்திவிட்டுப் போனார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்த மாதமே, எனக்குப் பின்னால் ஒரு தறியில் நாடா மாட்டியது. திரும்பியபோது பாதி அகலத்துக்குப் பாவு அறுந்து தொங்கியது. யாரோ தோளைத் தொட்டார்கள். முதலாளி. வெகுநேரமாகக் கூப்பிட்டிருக்கிறார்.

"எத்தினி நாளா இப்படி?" அவர் உதடு அசைந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இனிமே தார் சுத்துப்பா," என்றார். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குச்சிகளில் ஏற்றுகிற வேலை. வந்த முதல் வாரத்தில் யாருக்கும் கொடுப்பது.

என் தறிகளுக்குக் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். நேற்று மூன்றாவது தடவையாகப் பாவு அறுந்ததும் என்னிடம் வந்தார்.

"முன்னாடியே என்னா சத்தம் வரும்ணா? சொல்லுங்களேன்."

உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வாயால் அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டப் பார்த்தேன். என்ன வந்தது என்று எனக்கே கேட்கவில்லை. அவர் சற்று நேரம் என் வாயையே பார்த்துவிட்டு, அறுந்த நூலை முடியப் போனார்.