பில்லிலிருந்த ஏழு நாள்

புது மெசின் பெட்டியைத் திறக்கும்போது நின்றவர்கள்: நான். என் மனைவி. பக்கத்து வீட்டு ரீச்சர், ஓய்வுபெற்றவர், இங்கிலிசு வாசிக்கக் கூப்பிட்டிருந்தோம். கொட்டிலுக்குள் கார். நிற்க வேண்டிய இன்னொருத்தி கடலில் வந்துகொண்டிருந்தாள்.

அவள் என் தங்கச்சி. முப்பத்துநாலு வருசத்துக்கு முன்னம் வள்ளத்தில் இந்தியா போனவள். அப்போது பதினெட்டு வயது. அவள் போன அன்று நான் வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தபோது ஆளில்லை. இப்போது காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. அதில் வருகிறேன் என்று போனில் சொன்னாள். போகும்போது நான் நிற்கவில்லை. வரும்போதாவது துறைமுக வாசலில் நிற்க வேண்டும். எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை.

எங்கள் உடுப்பிட்டியிலிருந்து வாடகைக்கு வான் பிடிக்கலாம். நான் என் காரில்தான் ஏற்றுவேன் என்று நின்றேன். அது அப்பா வைத்திருந்த கார். சின்ன வயதில் அவள் பின் சீற்றில் முழங்காலில் நின்று, பின்கண்ணாடியால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். அந்த நாளில் கார் கறுப்பு. பிறகு நான் வெள்ளை அடித்துவிட்டேன்.

முன் இடப்பக்க ரயரில் காத்து நிற்காது. றிம் கறள் பிடித்துவிட்டது. மாற்று வீல் அதைவிட மோசம். அதற்குத்தான் யாழ்ப்பாணம் ரவுனில் காத்து அடிக்கிற அந்த மெசினை வாங்கினேன். ஒரு கையில் பிடிக்கலாம். சார்ஜ் போட்டு வைத்தால் நடு ரோட்டிலும் காத்து அடிக்கலாம் என்று கடையில் சொன்னார்கள்.

கப்பலுக்குப் பத்து நாள் முன்னம் வாங்கியாயிற்று. மனைவி பெட்டியைத் தொட விடவில்லை. புதுச் சாமானை நல்ல நேரத்தில்தான் தொடங்குவோம். காரும் அப்படித்தான், தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பும் அப்படித்தான். பஞ்சாங்கம் பார்த்தாள். ஒரு நாள் கரிநாள். பிறகு அட்டமி, நவமி, அதோடு ஒரு செவ்வாய். கடைசியில் கப்பல் வரும் திங்கட்கிழமையே நல்ல நாளாக வந்தது. காலமை ஆறு பத்து.

"மச்சாளைக் கூட்டப் போறதுக்குத்தானே வாங்கினனாங்கள். முதல் காத்தை அண்டைக்கே அடிப்பம்," என்றாள்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. பெட்டி சாமியறையில் இருந்தது. ரீச்சர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர், நாள் பார்ப்பதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"தம்பி, உங்கடை நாளைப் பாத்திட்டியள். கடைக்காரன்ரை நாளையும் பாத்தனீங்களோ?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

திங்கள் ஆறு பத்துக்குத் திறந்தோம். மனைவி மெசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ரீச்சர் உள்ளே இருந்த தாளை வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்லை மூண்டு மணித்தியாலம் சார்ஜ் போடவேணுமாம். பஞ்சாங்கத்திலை இது போடேல்லையோ?"

மனைவி வயரை எடுத்துத் தந்தாள். சார்ஜ் போட்டோம். சிவப்பு வெளிச்சம் பச்சையாகும் மட்டும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதரைக்கு ரயரில் கொழுவினேன். சத்தம் வந்தது. இலக்கம் ஏறியது. பதினொன்றில் நின்றது; ரயருக்கு முப்பது வேண்டும். மெசின் கையைச் சுட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

சைக்கிள் பம்பை எடுத்தேன். நானும் மனைவியும் மாறி மாறி அடித்தோம். ரீச்சரும் ஒரு பத்து அடி அடித்தார். ஒரு மணித்தியாலம் அதில் போனது. நான் தனியாக வெளிக்கிட்டேன். அச்சுவேலி தாண்ட முன்னம் ஸ்ரேறிங் இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். ரயர் காத்து இறங்கி இருந்துவிட்டது. குந்தியிருந்து திரும்பவும் அடித்தேன். பஸ் போனது. ஓட்டோக்கள் போயின. நான் நிமிரவில்லை.

துறைமுக வாசலில் காவலாளி மட்டும் நின்றார். கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்றார். அவளுடைய இந்தியப் போன் இங்கே வேலை செய்யாது. திரும்பினேன். வழியில் இன்னொருதரம் இறங்கிக் காத்து அடித்தேன்.

அவள் வீட்டில் இருந்தாள். தலை நரைத்திருந்தது. ஒரு மணித்தியாலம் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஓட்டோ பிடித்து வந்தாளாம். என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த கறுப்பைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அச்சுவேலிப் பக்கம் டயர்கிட்ட குந்தியிருந்தது நீங்களா அண்ணை?"

"ஓம்."

"பார்த்தேன். யாரோ வயசானவர், பாவம்னு நினைச்சேன்."

அவள் பேச்சில் இந்தியா ஏறியிருந்தது. கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

நாலாம் நாள் மெசினைக் கொண்டு கடைக்கு வெளிக்கிட்டேன். தானும் வருகிறேன் என்றாள். வெயில், பஸ்ஸில் சனம், நீ நில் என்றேன். அது என் பிழை.

கடையில் இருந்த பொம்பிளைப் பிள்ளை மெசினைப் பிரட்டிப் பார்த்தாள்.

"ஐயா, உதிலை என்ன சிவப்பு?"

"குங்குமம்."

தங்கள் வீட்டிலும் வைப்பார்கள் என்று சிரித்தாள். பிறகு பில்லைப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. ஏழு நாளுக்குள் கொண்டுவந்திருந்தால் மாற்றித் தரலாம் என்றாள். பெட்டி உடைத்தே நாலு நாள்தான் என்றேன்.

"உடைச்ச நாளில்லை ஐயா. பில் போட்ட நாள்."

முதலாளி வரட்டும் என்று இருந்தேன். மத்தியானம் என்றார்கள். மூன்றரைக்கு வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். பில்லின் அடியில் விரலை வைத்தார். சின்ன எழுத்து. தமிழிலும் இருந்தது. மெசினைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வரப் பொழுது பட்டுவிட்டது. தங்கச்சி மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்குப் பிடிக்கும் என்று முருங்கைக்காய்க் கறி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மாற்றித் தந்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். சோற்றைப் போட்டாள்.

"நான் இருக்கிறது ஒன்பது நாள்தான் அண்ணை. தெரியும்ல?"

தெரியும் என்றேன். கறி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அவள் திரும்பிப் போகும்போது வான் பிடித்தோம். இந்த முறை நான் வாசலில் நின்றேன். "வாறன் அண்ணை" என்றாள், எங்கடை மாதிரியே. எப்போது என்று நான் கேட்கவில்லை. கப்பல் மறைந்த பிறகும் நின்றேன். வான்காரர் இரண்டுதரம் ஹோர்ன் அடித்தார்.

மெசின் காரின் பின் சீற்றில் கிடக்கிறது. குங்குமம் இன்னும் போகவில்லை. சில பின்னேரங்களில் கொட்டிலுக்குள் போய்க் காருக்குள் இருப்பேன். பின்கண்ணாடி தெரியும். அவள் நின்றது ஒன்பது நாள். ஒன்றைக் கடைக்குக் கொடுத்தேன்.

எட்டு.