கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்

குழந்தைகள் புற்றுநோய் வார்டின் அந்த மருத்துவர் கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொல்ல மாட்டார். கைப்பேசியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார். வேலைக்கு வந்த புதிதில் அவரும் சுற்றி வளைத்துத்தான் பேசினார். பெற்றோர் புரிந்தும் புரியாமலும் எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்தே நேராகப் பேசப் பழகினார்.

வார்டே 'வாயாடி' என்று கூப்பிட்ட ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மருந்து கேட்காமல் போனது. அவள் அப்பா பேருந்து ஓட்டுநர், அம்மா தையல்காரர். இருவரையும் உட்காரவைத்து, இனி நோயைக் குணப்படுத்த வழியில்லை, பிள்ளை பிழைக்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னார். அம்மா அழுது ஓய்ந்தார். அப்பா கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மகளுக்கு இது தெரியவே கூடாது.

"நானா போய்ச் சொல்ல மாட்டேங்க. ஆனா அவளா கேட்டா, பொய் சொல்ல என்னால முடியாது" என்றார் மருத்துவர்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை மருத்துவர் வந்தபோது அம்மா மகளுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளிருந்தே வாயாடி கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் செத்துப் போயிடுவேனா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. மருத்துவர் கட்டிலோரம் உட்கார்ந்து, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று விசாரித்தார்.

"அப்பா இப்பெல்லாம் என்னைத் திட்டறதே இல்ல. அவர் சட்டை மேல தண்ணியக் கொட்டிப் பாத்தேன். அதுக்கும் சிரிக்கறாரு."

மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

"ஆமாண்டா கண்ணு. நாங்க குடுத்த மருந்தெல்லாம் தோத்துப் போச்சு. நீ ஒரு தப்பும் பண்ணல."

வலிக்குமா என்று கேட்டாள். வலியை அடக்க மருந்து இருக்கிறது, அது தன் பொறுப்பு என்றார் மருத்துவர். தனியாக இருக்கணுமா என்று அடுத்துக் கேட்டாள். அம்மா முந்திக்கொண்டு, கையை விடவே மாட்டேன் என்றார்.

வாயாடி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"எனக்கு எப்பவோ தெரியும்மா. நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லல."

மருத்துவருக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியவர்கள் பிள்ளையைக் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, ஊசி குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல் போன அந்தக் கை, அத்தனை நாளும் பெற்றவர்களைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வாயாடி வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாள். போனாள். ஜன்னலோரக் கட்டிலைத் தம்பிக்குக் கொடுத்தாள், ஏறிக் குதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மகளுக்கு எல்லாம் தெரியும் என்று அறிந்த அப்பா மனம்விட்டு அழுதார். அவள் சமாதானம் சொன்னாள். சில வாரங்கள் கழித்து ஒரு விடியலில், வலியில்லாமல், அம்மாவின் கைக்குள் கையை வைத்தபடி இருக்க, அவள் மூச்சு அடங்கியது.

மகளுக்காக வீட்டுக்கு வாங்கிப்போன ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுக்க அப்பா மருத்துவமனைக்கு வந்தார். ஆலோசனை அறைக்கு வெளியே, முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே போகத் துணிவில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அப்பா மெஷினை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பையனா, பொண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவைத் திறந்த மருத்துவர், அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று திரும்ப மூடினார்.