மலையுச்சி ஊரில் கிணறு எங்கே?

பிள்ளைகள், கனடாவில் நீங்கள் முதன்முதல் வந்து இறங்கிய பேஸ்மன்ற், அந்த நிலக்கீழ் வீடு, நமக்குக் கிடைத்தது ஓர் இத்தாலி ஊரால்தான். அந்த ஊரை நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. உங்கள் இருவருக்கும் அம்மாவுக்கும் கொழும்பில் விசா கிடைத்துவிட்டது. நான் ரொறன்ரோவில், சென் கிளயர் பக்கம், வயதான இத்தாலிக்காரத் தம்பதியின் வீட்டுக்குக் கீழே தனியாக இருந்தேன். ஒரு ஆளுக்கு மட்டும்தான் என்று சொல்லித்தான் கதவுத் திறப்பைத் தந்திருந்தார்கள். அடுத்த மாதம் நீங்கள் மூன்று பேரும் வருவதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கார ஐயா குழாய் ஒழுக்குப் பார்க்க இறங்கி வந்தார். குளியலறையில் இரண்டு வாளி, ஒரு பெரிய பானை, சமைக்கிற குசினியில் நாலு போத்தல், எல்லாம் நிறையத் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்துப் பழக்கம் அது. ஊரடங்கு போட்டால் கிணற்றடிக்குப் போக முடியாது. நாங்கள் இருவரும் பேசியது அரைகுறை ஆங்கிலம். எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"உது என்னத்துக்கு? குழாயிலை தண்ணி வரேல்லையோ?"

"வருது ஐயா. நாளைக்கு வராட்டி?"

அவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மேலை வாரும்" என்றார்.

மேலே சுவரில் ஒரு படம். மலையின் உச்சியில் நெருக்கி அடுக்கிய கல்வீடுகள், நடுவில் ஒரு மணிக்கோபுரம். அவர் பிறந்த ஊர். யாழ்ப்பாணத்தில் நான் கண்ட உயரம் பனைதான். ஏன் இவ்வளவு மேலே போய்க் குடியிருந்தார்கள் என்று கேட்டேன். எழுநூறு, எண்ணூறு வருடங்களுக்கு முன் ஓயாத சண்டையாம். மேலே இருந்தால் வருகிறவனைத் தூரத்திலேயே காணலாம். ஓரத்து வீடுகளின் பின்சுவர்தான் ஊருக்கு மதில். ஒரே வாசல், இருட்டினால் பூட்டிவிடுவார்கள். ஒழுங்கையில் கழுதை எதிரே வந்தால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இப்போது அந்த ஒழுங்கைகளையும் தேவாலயச் சுவரில் உள்ள பழைய ஓவியங்களையும் பார்க்க பஸ் பஸ்ஸாகச் சனம் வருகிறதாம்.

எனக்கு வேறொன்று தெரியவேண்டி இருந்தது.

"கிணறு எங்கை, ஐயா?"

அவர் மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்சை வாரும். இவ்வளவு வருசமா உந்தப் படம் தொங்குது. ஒருத்தரும் உதைக் கேக்கேல்லை."

ஊர் நடுவிலுள்ள சதுக்கத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு தொட்டி இருந்ததாம். கூரைகளில் விழும் மழை எல்லாம் அதற்குள் இறங்கும். கோடையில் வீட்டுக்கு இத்தனை வாளி என்று முறை. அவருடைய தாயும் என்னைப் போலவே சட்டி பானை எல்லாம் நிறைத்து வைப்பாராம்.

"பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு ஒரு வாளி கூடக் குடுப்பினம்" என்றார்.

இப்போது சொல்லாவிட்டால் பிறகு வாய் வராது என்று தெரிந்தது. "எனக்கும் ரெண்டு பிள்ளையள். மனிசியோடை அடுத்த மாசம் வருகினம்."

ஐயா மனைவியின் பக்கம் திரும்பினார். மனைவி சிரித்தார். "கேட்டியளோ? உங்கட ஊர்ச் சட்டம். இப்ப வாசலைப் பூட்டப் போறியளோ?"

"சத்தம் போடுவினமோ?" என்று ஐயா என்னைக் கேட்டார்.

"போடுவினம்."

"பொய் சொல்லத் தெரியாத ஆள்" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு என்னிடம், "வரட்டும்" என்றார்.

கீழே வந்து கதவைச் சாத்தினேன். மூலையில் வெறுமையாய்க் கிடந்த பெயின்ற் வாளியை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்ததைச் சுரண்டி, மூன்று தரம் கழுவினேன். விளிம்பு மட்டும் தண்ணீர் பிடித்து மற்ற இரண்டு வாளிகளுக்கும் பக்கத்தில் வைத்தேன்.