ஜல்லி லாரி போன அதிர்வு

செங்கம் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரப் பெண்ணின் குழந்தை பக்கத்து பெஞ்சில் தூங்குகிறது. திடீரென்று கண்ணாடி டம்ளர்கள் கிலுகிலுக்கின்றன, பெஞ்சு அதிர்கிறது. அடுத்த நொடி குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடிவிட்டேன்.

ஒரு ஜல்லி லாரி கடந்து போகிறது. குழந்தை வீரிட்டு அழுகிறது. அதன் அம்மா பதறி ஓடிவருகிறாள்.

"என்னாச்சுங்க?"

"நிலநடுக்கம்னு நெனச்சுட்டேம்மா."

திட்டப்போகிறாள் என்று கூசி நிற்கிறேன். எனக்கு ஒன்பது வருடமாக இந்தோனேசியாவில் வேலை. பூமியின் பெரிய பாறைத் தட்டுகள் முட்டி, ஒன்றின் அடியில் மற்றொன்று நுழைகிற இடம் அது. அதனால்தான் அங்கே நிலம் அடிக்கடி ஆடுகிறது, எரிமலைகள் புகைகின்றன. இந்த ஊர் தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது என்று அவளிடம் சொல்கிறேன்.

"அப்ப இங்க ஆடவே ஆடாதா?"

"ஆடவே ஆடாதுன்னு சொல்ல முடியாது. ஆனா ரொம்பக் கம்மி."

அவள் கடைக்குள் திரும்பிப் பார்க்கிறாள். என் பையும் போனும் மேசை மேலேயே கிடக்கின்றன.

"அதெல்லாம் அப்படியே போட்டுட்டு எம்பொண்ணத்தான் தூக்கினு ஓடியாந்தீங்க."

குழந்தையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என் தோளிலேயே விட்டுவிட்டு, "உக்காருங்கக்கா, சூடா வேற டீ போடறேன்" என்று அடுப்புப் பக்கம் போகிறாள்.