கங்காதரன் துடைத்துவைத்த வேல்

கடல் இல்லாத ஊரில் பிறந்துவிட்டுப் படகில் வேலை பார்த்ததால் கங்காதரனுக்குத் திருத்தணியில் ‘போட்டுக்காரர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. தாய் தகப்பன் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டினவர்கள். இவர் மட்டும் வயரும் ஸ்குரூ டிரைவருமாகத் தப்பித்து வந்தவர். விடியற்காலை ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, ராயபுரத்துப் படகுத்துறைக்கு நடந்தே போவார். வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிப்போகும் விசைப்படகு ஒன்றில் அவருக்கு மின்சார வேலை. கூடவே போவான் பங்காரு, அந்தப் படகின் ஓட்டுக்காரன். நகரிப் பக்கத்தவன். கங்காதரனை பாவா என்பான், அவர் மனைவி பிரபாவதியை அக்கா என்பான்.

அந்தப் படகில் ஓர் ஆட்டோ பைலட் இருந்தது. போகவேண்டிய திசையை ஒருமுறை வைத்துவிட்டால் சுக்கானைத் தானே திருப்பிக்கொண்டு படகை நேராக நடத்தும் கருவி. ஏதோ உடைத்த கப்பலிலிருந்து வந்த கிழட்டுச் சாமான். தொண்ணூறுகள் முழுக்க அதற்கு வைத்தியம் பார்த்ததுதான் கங்காதரனின் பிழைப்பு. மோட்டாரில் தேய்ந்த கார்பன் கட்டையை மாற்றுவார், சுக்கான் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் உறுப்பைக் கழற்றித் துடைப்பார், எண்ணெய் ஒழுகும் பம்புக்கு வாஷர் வெட்டிப் போடுவார். பத்து நாள் நன்றாக ஓடும். பிறகு தண்ணி போட்டவன் சைக்கிள் ஓட்டுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும்.

“இத்த தூக்கிக் கடல்ல போடு பாவா, மீனாவது வழி தெரிஞ்சி போவும்” என்பான் பங்காரு.

இரண்டாயிரத்தொன்றில் முதலாளி ஒருவழியாக இறங்கிவந்தார். பழைய பம்பு இருக்கட்டும், மூளையையும் திசைகாட்டிப் பெட்டியையும் மட்டும் புதிதாகப் போடு என்றார். அந்த மாதம் கங்காதரன் வீட்டில் வேறு பேச்சே பேசவில்லை. யாரும் கைபிடித்துச் சொல்லித்தராமல், தானே பார்த்துப் பழகிய தொழிலில் அவர் செய்யப்போகும் முதல் பெரிய வேலை அது. சரியாக அமைந்தால் அந்தத் துறை முழுக்க அவர் பெயர் நிற்கும்.

பிரபாவதி அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். படிப்பைப் பாதியில் விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் வாயே திறக்கமாட்டாள். பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அவளுக்குப் பேச்சு வருவது புருஷனிடம் மட்டும்.

“பொட்டிய எங்க வெச்சா என்னவாம்?” என்று ஒருநாள் கேட்டாள்.

கங்காதரன் தன் கைத்திசைகாட்டியை எடுத்துவந்து அடுப்பு மேடையில் வைத்தார். தோசைக்கல்லைக் கிட்டே தள்ளினார். முள் ஓடிப்போய்க் கல்லைப் பார்த்தது. கல்லை எடுத்துவிட்டுப் பித்தளைச் சொம்பை வைத்தார். முள் அசையவில்லை.

“இரும்புதான் அதுக்கு ஆவாது. பெட்டிய வெச்சதும் போட்டை மெதுவா வட்டமா ஓட்டணும். போட்ல இருக்கிற இரும்ப எல்லாம் அது பழகிக்கும். அதுக்கப்பறம் புதுசா ஒரு இரும்பு கிட்ட வந்துச்சோ, ஏமாந்துடும். பித்தளை பத்தி அதுக்குக் கவலையே கிடையாது.”

அவள் கேட்டுக்கொண்டாள்.

இன்ஜினுக்கு எட்ட, ஓட்டுபவர் இருக்கைக்கு அடியில் பெட்டியைப் பொருத்தினார். வட்டம் அடித்துப் பார்த்தார்கள். முள் முனை பிசகாமல் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை படகுக்குப் பூஜை, வீட்டு ஆட்களை அழைத்து வாருங்கள் என்றார் முதலாளி.

பிரபாவதி முந்தின நாள் மலைக்குப் போனாள். புது வண்டியோ புது மெஷினோ வந்தால் திருத்தணிக்காரர்கள் முருகனிடம் வைத்து எடுத்த வேல் ஒன்றை அதில் வைக்காமல் ஓட்டமாட்டார்கள். படிக்கட்டுக் கடையில் இரும்பு வேல்கள் கொத்தாகத் தொங்கின. அவள் அதைத் தொடவில்லை. கடைக்காரரிடம் பேசக் கூச்சமாக இருந்தாலும் கேட்டாள்.

“பித்தளையில இருக்குங்களா?”

“இருக்கே! பாரும்மா, சொக்கப் பித்தளை. எப்டி மின்னுது பாரு.”

சன்னிதியில் வைத்து எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் படகில் சூடம் ஏற்றி, எல்லோரும் முன்பக்கம் எலுமிச்சம்பழம் அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, புருஷன் வைத்த பெட்டிக்குப் பின்னாலேயே மஞ்சள் துணியோடு வேலைச் செருகினாள். அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல வெட்கம். சாமிக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை கடலில் பனிமூட்டம். முதலாளி தன் சிநேகிதர்களோடு வந்திருந்தார். திரும்பும்போது கங்காதரன் துறைமுக வாயிலுக்குத் திசை வைத்து, பங்காருவின் கையைச் சுக்கான் சக்கரத்திலிருந்து எடுக்கச் சொன்னார். “பாருங்க சார், வாசல்லயே கொண்டுபோய் விடும்.” கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படகு வாயிலுக்குப் போகவில்லை. பனிக்குள்ளிருந்து அலைதடுப்புக் கற்கள் எழுந்து வந்தபோது பங்காரு பாய்ந்து ரிவர்ஸ் போட்டான். இருந்தும் பக்கப் பலகை பிளந்தது. விருந்தாளி ஒருவருக்குக் கை முறிந்தது.

“கடலே இல்லாத ஊர்க்காரன நம்பிப் போட்டைக் குடுத்தம் பாரு!” என்றார் முதலாளி.

அதோடு வேலை போயிற்று. அன்று வீட்டுக்கு வந்த கங்காதரன் சட்டைக்குள்ளிருந்து அந்த முருகன் வேலை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தார்.

“சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. நீ வெச்சதா?”

“ஆங்” என்றாள் தலையைக் குனிந்தபடி.

“நல்லவேள வெச்ச பிரபா. அது இருந்ததாலதான் எல்லாம் உசுரோட வந்தோம்.” சட்டையைக் கழற்றிக்கொண்டே, “பெட்டிய நான்தான் சரியான எடத்துல வெக்கல” என்றார்.

பிறகு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை போட்டு மின்விசிறியும் மிக்சியும் பழுது பார்த்தார். “போட்டுக்காரரே, இந்த ஃபேன் காத்து நேராத்தான வரும், செவுத்துல போய் மோதாதே?” என்று கிண்டல் செய்பவர்களோடு சேர்ந்து தானும் சிரிப்பார். வீட்டில் ஒன்றே ஒன்றில் கண்டிப்பு. பூஜை அலமாரியில் இருக்கும் வேலைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அவரே தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, குங்குமம் வைப்பார். அதற்கு முன் அவ்வளவு பக்தி அவரிடம் இருந்ததில்லை. அடிபட்டதில் மனசு சாமி பக்கம் திரும்பிவிட்டது என்று பிரபாவதி நினைத்துக்கொண்டாள்.

ஒருமுறை, கையில் காசில்லாத ஆடி மாதத்தில், அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கொட்டித் தீர்த்தாள். “ஒரு பொட்டிய ஒழுங்கா வெக்கத் தெரியல. என் வேலு இருந்துச்சோ, தப்பிச்சீங்க. உங்க வேலைய நம்பியிருந்தா நான் அன்னிக்கே தாலி அறுத்திருப்பேன்.”

கங்காதரன் சோற்றைப் பிசைந்தார். “ஆங், தெரியலதான்” என்றார். மோர் கேட்டு வாங்கி ஊற்றிச் சாப்பிட்டார்.

இரண்டாயிரத்தேழு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் போய்விட்டார்.

பொங்கல் கழிந்து, அவருடைய சாமான்களை எடுத்துப்போக பங்காரு வந்தான். அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். துருப்பிடித்து வீணாவதைவிட அவனுக்காவது உதவட்டும். அவன் கூடத்தில் உட்கார்ந்து கருவிப்பெட்டியைத் திறந்தான். ஸ்பேனர்களுக்கு நடுவே அந்தக் கைத்திசைகாட்டி கிடந்தது.

“இத நீயே வெச்சுக்கோ அக்கா.”

அவள் அதை வாங்கிப் பூஜை அலமாரியில் வைக்கப் போனாள். வேலுக்குக் கீழே ஒரு செந்நிறக் கறை. குங்குமம் என்று நினைத்துக் கொஞ்ச நாளாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், போகவில்லை. அவர் போன பிறகு அந்த வேலுக்கு யாரும் எண்ணெய் போடவில்லை. வேலின் இலை முனையில் பித்தளைப் பூச்சு பொருக்காகக் கிளம்பியிருந்தது. உள்ளே துரு.

திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தாள். முள் ஒரு ஆட்டம் ஆடி, வேலைப் பார்த்து நின்றது. எடுத்தாள். முள் திரும்பிற்று. மறுபடி வைத்தாள்.

“பங்காரு.”

அவன் எழுந்து வந்து பார்த்தான். பார்த்ததும் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“உனுக்குத் தெரியுமா?”

“பெரிய சத்தியம் வாங்கிகினாரு அக்கா.”

“அவருக்கு எப்போ தெரியும்?”

“அன்னிக்கே. போட்டைக் கரையேத்தி, சீட்டைக் கயட்டினாரு. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். மஞ்சத்துணி இருந்துச்சு. பிரிச்சி, பொட்டிகிட்ட கொண்டுபோய்ப் பாத்தாரு. ‘பித்தளைன்னு சொல்லி அவள ஏமாத்திட்டாண்டா கடக்காரன், பாவம்’னாரு. அதுக்குள்ள மொதலாளி வந்து, ‘என்னய்யா தப்பு’ன்னாரு. சட்டைக்குள்ள போட்டுகினு, ‘என் தப்புங்க’ன்னுட்டாரு.”

“சொல்லியிருக்கலாமே. யாரோ போட்டாங்கன்னாவது சொல்லியிருக்கலாமே.”

“நானும் அதான் கேட்டேன். யார் போட்டதுன்னு தேடுவாங்க, ஊர்வரைக்கும் வரும், அவ தாங்கமாட்டான்னாரு.”

அவள் திசைகாட்டியை எடுத்து வேலிலிருந்து தள்ளி வைத்தாள்.

“நான் திட்டுனேனே. அத உங்கிட்ட சொன்னாரா?”

“சொன்னாரு. சிரிச்சாரு அக்கா. ‘உங்க அக்காவுக்கு ஊர்ல யார்கிட்டயும் வாய் வராது. எங்கிட்டயாவது வருதே, வரட்டும்டா’ன்னாரு.”

அவன் கருவிப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, “அந்த வேல நான் கொண்டுபோய்க் கொளத்துல போட்டுடட்டுமா?” என்று கேட்டான்.

வேண்டாம் என்று அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவன் போனான்.

அலமாரிக் கீழ்த்தட்டில் அவருடைய எண்ணெய்த் துணி சுருட்டி வைத்தபடியே இருந்தது. காய்ந்து விறைத்திருந்தது. அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து துணியில் விட்டாள். வேலை மடியில் கிடத்தி, முனையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷமும் இதைத் துடைத்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பவள், அதை மட்டும் பார்த்ததில்லை. ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். கேட்க வீட்டில் ஆள் இல்லை. துணியில் துரு சிவப்பாக வந்துகொண்டே இருந்தது.