பதினாலு ரவிக்கைக்கும் வலது கை

தையல்காரருக்கு ஊசி, நூல், கத்தரி இல்லாமல்கூட ஒரு நாள் ஓடிவிடும். பொய் இல்லாமல் ஓடாது. ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். உங்களை நடக்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

போன வருடம் அறுப்பின் பண்டிகை ஆராதனையில் எங்கள் போதகர் ஐயா, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேச்சு இருக்கவேண்டும் என்றார். நூறு தடவை கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு முன் பெஞ்சில் மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மூன்று பேருமே என்னிடம் துணி கொடுத்தவர்கள். ஜெபம் முடிந்து எழும்பும்போதே தீர்மானம் செய்துவிட்டேன், இனி கடையில் பொய் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. எங்கள் தெருவில் புதிதாக இரண்டு தையல் கடை வந்திருந்தது. அந்த சீசனை விட்டால் என் கடை நிற்பதே கஷ்டம். தீர்மானம் எடுக்க எனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை கிடைக்குமா?

தீர்மானத்துக்கு மறுநாள் முதலில் வந்தது ஒரு வங்கி ஊழியர். இரண்டு சுரிதார். "சனிக்கிழமை கிடைக்குமா?" என்றார். பதினெட்டு வருடத்துப் பழக்கத்தில் தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். "கிடைக்காது. அதுக்கு அடுத்த புதன்கிழமை தருகேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், துணியைத் திரும்பப் பைக்குள் வைத்தார், எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அந்த வாரம் இப்படி ஆறு பேர். பொய்யை விட்டவளுக்கு ஆண்டவர் உடனே கூட்டத்தை அனுப்புவார் என்று எங்கோ ஒரு நப்பாசை இருந்திருக்கிறது போல.

மூன்று வாரம் கழித்து அதே பெண், அதே பை, உள்ளே அதே துணி. எதிர்க் கடையிலிருந்து வெட்டாமலே திரும்ப வாங்கி வந்திருந்தார். அவரே சொன்னார்: "அவன் சனிக்கிழமைன்னுதான் சொன்னான். எந்த சனிக்கிழமைன்னு நான்தான் கேக்கல்ல."

கரண்டு இல்லை

என் கடையில் இரண்டாவது மிஷினில் இருப்பவர் லீலா அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர், அய்யாவழிக் குடும்பம், ஞாயிறு தவறாமல் அவர்களுடைய வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்குப் போகிறவர். போனில் வருகிற கோபங்களைச் சமாளிப்பது அவருடைய துறை. ஒரு நாள் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "காலத்தேயிருந்து கரண்டே இல்ல பிள்ளே, இருட்டுல இருக்கோம்" என்று உருகினார். நான் போனை வாங்கி, "கரண்டு இருக்கு. உங்க துணியை நாங்க இன்னும் பிரிச்சே பாக்கல்ல. தப்புதான். திங்கக்கிழமை கண்டிப்பா தருகோம்" என்றேன். அந்தப் பக்கமிருந்து வந்த ஏச்சு மிஷின் சத்தத்தையும் மீறி அக்காவுக்குக் கேட்டது.

போனை வைத்ததும் சொன்னேன், "அக்கா, இனி இப்படிச் சொல்லாதிய." அவர் கால் மிதியிலிருந்து காலை எடுத்தார். "எங்க தாங்கல்லயும் பொய் சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லுகாவ" என்றார். "அதுக்காவ டெய்லர் கடையிலயுமா?"

அளவு ரவிக்கை

எங்கள் தொழிலில் இன்னொரு பொய் உண்டு. அதைப் பொய் என்றே நாங்கள் நினைப்பதில்லை, மரியாதை என்று நினைக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் தைத்த ரவிக்கையைக் கொண்டுவந்து, "இதே அளவுல தையுங்க" என்பார்கள். "செரி" என்று சொல்லி, கண்ணாலேயே அளந்து மூன்று இஞ்ச் கூட்டித் தைத்துவிடுவோம். இரண்டு பக்கமும் சந்தோஷம். தீர்மானத்துக்குப் பிறகு அந்த "செரி" பொய்க் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மஸ்கட்டிலிருந்து பதினோரு வருடம் கழித்து வந்த ஒரு அக்கா அப்படி ஒரு ரவிக்கையை மேசையில் வைத்தார். "இது உங்களுக்கு இப்போ கேறாது அக்கா, டேப் வச்சு அளந்திரலாம்" என்றேன், எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாக. லீலா அக்கா நூல் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் போய்விட்டார். மஸ்கட் அக்கா என்னைப் பார்த்தார், ரவிக்கையைப் பார்த்தார், கையை விரித்து அளவுக்கு நின்றார். படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "ஏட்டி, எனக்க மாமியாருகூட இவ்வளவு நேரா சொன்னதில்ல."

கை

இப்படியாகக் கடைக்கு ஒரு பேர் வந்தது. "அவ சொன்னா சொன்னதுதான்" என்று. அதன் பலனாக டிசம்பர் முதல் வாரம் எங்கள் சபையின் பாடகர் குழு வந்தது. குழுவை நடத்தும் எஸ்தர் டீச்சர், கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பதினாலு பெண்களுக்கும் ஒரே மாதிரிச் சேலை எடுத்திருந்தார். எடுத்தது பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் சுப்பையா அண்ணாச்சியிடம். சேலையோடு வரும் ரவிக்கைத் துணியை அண்ணாச்சியே மீட்டர் கம்பால் அளந்து வெட்டிக் கொடுத்திருந்தார். பதினாலு ரவிக்கை, எல்லாவற்றுக்கும் முழங்கை வரை கை, ஒரே நீளம். டீச்சரின் கட்டளை. பாடகர் குழு சபைக்கு முன்னால் நிற்கும். பெண்கள் எல்லோரும் பாட்டைக் காதாலும் ரவிக்கையைக் கண்ணாலும் கவனிப்பார்கள். அது நன்றாக அமைந்தால் வருடம் முழுக்க எனக்கு வேலை.

ரவிக்கைக் கை இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் முன்பக்க வளைவு வேறு, பின்பக்க வளைவு வேறு. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் வலது ஒன்று, இடது ஒன்று தானாக வரும். நானோ, கை எல்லாம் ஒரே நீளம்தானே, சேர்த்து வெட்டினால் சீக்கிரம் முடியும் என்று, மடிக்காமல் நாலு நாலாக அடுக்கிவைத்து வெட்டித் தள்ளினேன். எல்லாத் துணியும் பூப்போட்ட பக்கம் மேலே பார்க்க. லீலா அக்கா முதல் ரவிக்கையில் கை ஏற்றப் போனவர், அதைப் புரட்டினார், இன்னொன்றை எடுத்துப் புரட்டினார். "ஜெயா, எல்லாம் வலது கையால்லா இருக்கு?" இருபத்தெட்டும் வலது கை. மிச்சத் துணியில் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் போன். எப்படிப் போகுது என்றார். என் வாய் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது: "துணி பத்தல்ல டீச்சர். அண்ணாச்சி வெட்டினதுல குறைஞ்சுபோச்சு போல. கை குட்டையாத்தான் வரும்." போனை வைத்துவிட்டு லீலா அக்காவைப் பார்க்க முடியாமல் சாக்குக்கட்டியைத் தேடினேன். அக்கா ஏசவில்லை. "இதுக்கு கரண்டு இல்லன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். "அதுல வேற ஒருத்தருக்க பேரு கெடாது."

மீட்டர் கம்பு

மறுநாள் சாயங்காலம் டீச்சர் மறுபடி அழைத்தார், சந்தோஷமாக. அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை போட்டாராம். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். "ஜெயா சொன்னாளா? அப்போ எனக்க பக்கம்தான் தப்பு. அந்தப் பிள்ளை பொய் சொல்லாது" என்றாராம். ஐந்து வாரம் பாடுபட்டு நான் சேர்த்த நல்ல பேர், அண்ணாச்சியின் தலையில் போய் இடியாக விழுந்திருந்தது. முன்னால் நான் பொய்க்காரியாக இருந்தபோது இதே பொய்யை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அன்று எனக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும், சபையில் தலை நிமிர முடியாது, கடையும் நிற்காது. சொல்லாவிட்டால் பாடகர் குழுவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து நான் எந்தப் பாட்டைக் கேட்பது? சொல்லிவிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் பசித்தது.

காலையில் பஜார் திறந்ததும் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, துணி சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பா வெட்டிட்டு உங்க மேல பழி போட்டேன். டீச்சர்ட்டயும் இன்னைக்கே சொல்லிருவேன். மன்னிச்சிருங்க" என்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த மீட்டர் கம்பை எடுத்து, அதன் முனையைப் பெருவிரலால் தடவினார். தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற தடவல் அது. கோபம் இருந்தது முகத்தில்; நியாயம்தான். கடைசியில் சொன்னார்: "நேத்து பூரா இதை டேப் வச்சு அளந்து பாத்துட்டு இருந்தேன் மக்கா. உன்னை நம்பி எனக்க கம்பைச் சந்தேகப்பட்டேன்."

பயிற்சியின் நடுவே

அன்று சாயங்காலம் சபையில் பாட்டுப் பயிற்சி நடக்கும் அறைக்கே போனேன். பதினாலு பெண்களும் நின்றார்கள். இருபத்தெட்டுக் கைகளையும் மேசையில் பரப்பி, நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் கேட்டேன்: "உங்க சேலையில இடுப்புக்குள்ள சொருகுக முனையில ஓரடி வெட்டினா, ஒவ்வொரு ரவிக்கைக்கும் ஒரு இடது கை கிடைக்கும். கொசுவத்துல ஒரு மடிப்பு குறையும், வெளியே தெரியாது. சம்மதம்னா சேலையைத் தாங்க. இல்லன்னா கையைக் குட்டையாக்கித் தருகேன். ரெண்டுல எதுக்கும் கூலி வேண்டாம்." துணி பற்றவில்லை என்ற பொய்யோடு இருந்திருந்தால், புதுச் சேலையை வெட்டத் தாருங்கள் என்று கேட்க எனக்கு எந்த வாய் இருந்திருக்கும்?

நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் இன்றுவரை என்னிடம் துணி கொடுப்பதில்லை. எஸ்தர் டீச்சர் முதலில் அண்ணாச்சிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு தன் பையிலிருந்து, பிரிக்காத மடிப்போடு சேலையை எடுத்து என் கையில் வைத்தார். ஒவ்வொன்றாகப் பத்துச் சேலை வந்தது. மற்ற நாலும் டீச்சர் முறைத்த பிறகு வந்தன. நான் நன்றி சொல்லப் போனபோது டீச்சர் தடுத்தார்: "பிராக்டிஸ் முடிஞ்சு சொல்லியிருக்கக் கூடாதா ஜெயா? இனி ஒருத்திக்கும் சுருதி நிக்காது."

கிறிஸ்துமஸ் காலை

பதினாலும் முந்தின நாள் மதியமே கொடுத்தாகிவிட்டது. என் தொழில் வாழ்க்கையில் சொன்ன நேரத்துக்கு முன்னால் கொடுத்த முதல் ஆர்டர் அதுதான். ஆராதனையில் கைகள் எல்லாம் ஒரே நீளத்தில், இடது இடதாக, வலது வலதாக நின்றன. நான் மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனியாமல் உட்கார்ந்து பாட்டை முழுசாகக் கேட்டேன். சீசன் பாதிதான் கிடைத்தது என்பது உண்மை. கடை இன்னும் நிலைத்து நிற்கிறது என்பதும் உண்மை. ஜனவரியில் முதல் துணி அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்தது, அவர் மகளுடையது, கூடவே ஒரு நிபந்தனையும்: "தப்பா வெட்டினா முதல்ல என்னைக் கூப்பிடு, டீச்சரைப் பிறகு கூப்பிடலாம்."

லீலா அக்கா இப்போது போனில் கரண்டு கதை சொல்வதில்லை. அன்று ஒருத்தியிடம், "உனக்க ரவிக்கை நாளைக்கு இல்ல, மறுநாளும் இல்ல, வெள்ளிக்கிழமைதான்" என்று சொல்லிவிட்டு, வந்த ஏச்சைப் பொறுமையாகக் கேட்டுப் போனை வைத்தார். என்னைப் பார்த்து நீளமாக மூச்சு விட்டார். "பொய் சொல்லுக காலத்துல நாள் கடந்தபிறகுதான் ஏச்சு வந்துச்சு ஜெயா, இப்போ முன்கூட்டியே வாங்கிருகோம்."

முன்பு என் பொய்க்காக வாடிக்கையாளர்கள் கடைக்கு நடந்தார்கள், இப்போது என் உண்மைக்காக நான் பஜாருக்கும் சபைக்கும் நடக்கிறேன். ஆக இந்தத் தொழிலில் யாருக்காவது செருப்புத் தேய்ந்தே ஆகவேண்டும், அது என்னுடையதாக இருக்கட்டும்.