கட்டிப்போட்ட படகுக்கு எத்தனை மணித்தியாலம்?

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கார் பற்றரி சார்ஜ் பண்ணத் தொடங்கியவன் நான். அந்தப் படிக்கட்டுக்கடி ஒரு கடையானது. பிறகு வெள்ளவத்தையில் இன்னொன்று. ஒருமுறை கலவரத்தில் எரித்தார்கள்... அதே இடத்தில் திரும்பக் கட்டினேன். கரண்ட் இல்லாத காலத்தில் கொழும்புக் காலி வீதியில் பாதிக் கடைகளுக்கு இன்வேர்ட்டர் பூட்டியவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு.

'மனுசன் திரும்பவும் தொடங்கிட்டார்' என்று பத்திரிகையின் இந்த மூலையை வாரா வாரம் வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இந்தக் கிழமை என் பெருமைப் பட்டியலில் இன்னொன்று கூடியிருக்கிறது — ஒரு பாய்மரப் படகின் கண்.

படகு என்னுடையது அல்ல. என் மருமகன் ரொஷானும் அவருடைய சிநேகிதன் சுரேனும் கூட்டாக வாங்கியது. ரொஷானுக்குக் கொள்ளுப்பிட்டியில் கணக்காளர் வேலை. சுரேனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. இருவருக்கும் கடல் என்றால் மரைன் டிரைவில் இருந்து பார்த்த கடல்தான். படகு நீர்கொழும்புக் களப்பில் நிற்கிறது; களப்பு வாயைத் தாண்டினால்தான் கடல். முதல் பயணத்தில் ரொஷானின் மனைவி, என் மகள் ஷெரினும் போவதாக முடிவு. எனக்கு நித்திரை போனது அங்கேதான்.

கருவிகளுக்கு ஒரு விலைப்பட்டியல் கொண்டுவந்தார்கள். ரேடார், தானாக ஓட்டும் இயந்திரம், கலர் திரை நாலு... படகின் விலையை விடக் கருவிகளின் விலை கூட.

"தம்பி, கடலில மூண்டு விசயம் தெரிஞ்சாப் போதும்" என்றேன். "நாங்க எங்க நிக்கிறம், கீழ எவ்வளவு ஆழம், ஆபத்தெண்டா ஆரைக் கூப்பிடுறது. மிச்சமெல்லாம் கல்யாண வீட்டு அலங்காரம்."

சுரேன் சிரித்தார். "அங்கிள், இது பற்றரி கடை இல்ல."

பற்றரி இல்லாமல் அதில் எது வேலை செய்யும்? கேட்கவில்லை. களைப்பு.

இடம் பார்க்க ஃபோனும், தண்ணீர் போகாத பையில் இன்னொரு ஃபோனும் போதும் என்றேன். ஆபத்தில் கரையைக் கூப்பிட, கைக்கு அடக்கமான ஒரு ரேடியோவை மட்டும் புதிதாக வாங்க வைத்தேன். உயிர்ச் சாமானில் பழசு வேண்டாம். ஆழம் பார்க்கிற கருவிக்கு, பழைய சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பழக்கமான கடைக்கார நானா ஒருவர் ஜப்பான் மீன்பிடிப் படகுகளில் கழற்றிய சாமான் வைத்திருந்தார். ரீகண்டிஷன்.

"மெனு முழுக்க ஜப்பான் பாஷை, ஐயா" என்றார் நானா. "சாமான் தங்கம். ஆனா என்னட்டக் கேக்கவேணாம், எனக்கு வாசிக்கத் தெரியா."

அதற்கென்ன? கொழும்பில் பாதிக் கார் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்கிறது. என்ன சொல்கிறது என்று நம்மில் எவராவது கேட்டோமா? ஒழுங்காக ஒபிஸ் போய்ச் சேருகிறோம்தானே. வாங்கினோம்.

பூட்டியதும் வேலை செய்தது. திரையில் ஒரு எண், பக்கத்தில் எச், ஆர் என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து.

"ஹவர்" என்றார் சுரேன் உடனே. "போய்ச் சேர எவ்வளவு நேரம் எண்டு காட்டுது. பாருங்கோ... ஒண்டு தசம் மூண்டு மணித்தியாலம்."

ரொஷான் தலையாட்டினார். ஷெரின் தலையாட்டினாள். படித்தவர்கள் மூவர் சொன்னால் நானும் ஆட்டத்தானே வேண்டும்? ஆட்டினேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அதே ஒன்று தசம் மூன்று.

"தம்பி சுரேன், படகு கட்டிக் கிடக்கு. எங்க போய்ச் சேர?"

"சட்டலைட் கணக்குப் போடுது, அங்கிள்."

"கட்டிப்போட்ட மாட்டுக்கு வீடு போக எவ்வளவு நேரமெண்டு சட்டலைட் கணக்குப் போடுமா?"

ஷெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுரேனுக்கு வரவில்லை. ஃபோனை எடுத்து மெனுவில் இருந்த ஜப்பான் எழுத்தைப் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னார்.

"என்ன சொல்லுது?" என்றார் ரொஷான்.

"விசாரி எண்டு சொல்லுது."

நான் விசாரித்தேன். ஒரு கயிற்றில் கனமான நட் ஒன்றைக் கட்டி இறக்கினேன். நட் தரையில் முட்டியதும் நீர்மட்டத்தில் கயிற்றைப் பிடித்து, மேலே இழுத்து, இரண்டு கையையும் விரித்து அளந்தேன். ஒரு விரிப்பும் கொஞ்சமும். படகைத் தள்ளி ஆழமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இரண்டு விரிப்பு. திரையிலும் இரண்டும் சொச்சமும்.

பாகம்! துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த எவனுக்கும் கயிறு அளக்கிற பாகம் தெரியும் — இரண்டு கை விரித்த நீளம். ஜப்பான்காரனுக்கும் அதே அளவாம், ரொஷான் பிறகு இன்டர்நெட்டில் தேடிச் சொன்னார். எச்சும் ஆரும் 'ஹிரோ' என்ற அதன் பெயர்ச் சுருக்கம்; ஃபோன் 'விசாரி' என்று வாசித்ததும் அதே பெயரின் ஜப்பான் எழுத்தைத்தானாம். அவன் கை என் கையை விடக் கொஞ்சம் கட்டை, அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தப் படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் கிட்டத்தட்ட ஒரு பாகம் இறங்கி நிற்கிறது. திரையில் 'ஒன்று' வந்திருந்தால், 'இன்னும் ஒரு மணித்தியாலம்தான்' என்று இவர்கள் சந்தோசமாகச் சிப்ஸ் பிரித்திருப்பார்கள். படகு மணலில் ஏறியிருக்கும். அலை அடிக்கிற களப்பு வாயில்... என் மகளோடு.



"மீட்டருக்கு மாத்தலாம்" என்றார் சுரேன், மெல்ல.

"வேணாம்" என்றாள் ஷெரின். "நான்தானே திரையைப் பாக்கப் போறன். மீட்டர் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்காது. அப்பாட கை நிக்கும்."

போன ஞாயிறு போனார்கள். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது, கரையில் நின்றேன். மத்தியானம் மகள் கோல் எடுத்தாள்.

"அப்பா, களப்பு வாயில ஒண்டு தசம் ஒண்டுக்கு இறங்கினது. நான் கத்தினன். அவர் உடனே திருப்பிட்டார்."

"பிறகு?"

"பிறகு மூண்டு. பிறகு கடல்."

ஃபோனை வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் என் வீட்டில், என் சாப்பாட்டில், சுரேன் பேச்சு ஒன்று நிகழ்த்தினார். ஜப்பான் தொழில்நுட்பத்துக்கு நன்றி. சட்டலைட்டுக்கு நன்றி. 'எங்கள் டீமுக்கு' நன்றி. பிறகு ஃபேஸ்புக்கில் படம். கீழே எழுதியிருக்கிறது: நெவிகேஷன் — சுரேன். நான் கயிறு அளந்தபோது எடுத்த படம்தான் அது. ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். என் முகம் இல்லை. விரித்த ஒரு கை மட்டும் மிச்சம்.

கட்டுகிறவனை விட்டுவிட்டு ரிப்பன் வெட்டுகிறவனைப் படம் பிடிக்கிற ஊரில் இத்தனை வருசம் இருந்துவிட்டேன். சண்டை பிடிக்கத் தெம்பில்லை. ஆனால் கேட்கத் தெம்பிருக்கிறது. சுரேன் தம்பி இந்தப் பத்தியை வாசிப்பார் என்று மகள் சொல்கிறாள். ஆகவே, தம்பி, அந்தத் திரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெயர்த் தகடு அடியுங்கள்.

ஜப்பான்காரன் கைக்குத் திரையில் இரண்டு எழுத்து இருக்கிறது. என் கைக்கு முழுப்பெயர் வேண்டும் — தமிழில்.